ஆடாதோடைக் கஷாயம் நுரையீரல் தூசியை வெளியேற்றுமா? மூலிகைச் சாற்றின் வேதியியல் சொல்வது என்ன?

"சுரங்கத்துல வேலை பார்த்த அப்பாவுக்கு ஆடாதோடைக் கஷாயம் குடுங்க. 48 நாள்ல நுரையீரல் சுத்தமாயிடும். அறிவியல் பூர்வமா நிரூபிச்சிருக்காங்க."

மாரிக்குப்பத்தில் கிளம்பி சாம்பியன், பங்காருப்பேட்டை வழியாக பெங்களூருக்குப் போகும் காலை ரயிலில் போனைத் திறந்தால், இப்படி ஒரு மெசேஜ் உங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பிலும் வந்திருக்கலாம். கோலார் தங்கவயலில் வேலை பார்த்த தாத்தாவோ அப்பாவோ வீட்டில் இருமிக்கொண்டிருந்தால், இதை சும்மா ஸ்க்ரோல் பண்ணிவிட்டுப் போக முடியாது.

இந்த மெசேஜில் பாதி உண்மை இருக்கிறது. அதனால்தான் இதைப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

சுருக்கமான பதில்:

- ஆடாதோடையில் சளி, மூச்சுக்குழாய் சம்பந்தமாக வேலை செய்யும் வேதிப்பொருள் இருக்கிறது. நாம் மெடிக்கல் ஷாப்பில் வாங்கும் சில இருமல் சிரப்புகளின் பூர்வீகமே அதுதான்.
- சிலிக்கா தூசியால் நுரையீரலில் விழுந்த தழும்பை அது ஆற்றாது. இன்று எந்த மருந்தாலும் அதை முழுதாக ஆற்ற முடியாது.
- ஒரு மூலிகை வேலை செய்யுமா என்பது செடியின் பெயரை மட்டும் பொறுத்ததல்ல. எப்படிச் சாறு எடுத்தார்கள், எவ்வளவு கொடுத்தார்கள், செடி எந்த மண்ணில் வளர்ந்தது என்பதையும் பொறுத்தது.

இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சாம்பியன் ரீப்ஸில் இந்தக் கேள்வி ஏன் முக்கியம்?

கோலார் தங்கவயலில் 1880-ல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் நவீன சுரங்கத் தொழிலைத் தொடங்கியது. அன்றைய சென்னை மாகாணத்தின் வட ஆற்காடு, சேலம் பகுதிகளிலிருந்து வந்த தமிழ்க் குடும்பங்கள்தான் இங்கே பூமிக்கு அடியில் இறங்கியவர்களில் பெரும்பகுதி. சாம்பியன் ரீப் சுரங்கம் சுமார் 3,200 மீட்டர் ஆழம் வரை போனது. உலகின் மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்று அது. 2001 பிப்ரவரி 28-ம் தேதி பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனம் மூடப்பட்டது.

தங்கம் இருந்தது குவார்ட்ஸ் பாறையில். குவார்ட்ஸ் என்பது படிக வடிவ சிலிக்கா. அதைத் துளையிடும்போதும் உடைக்கும்போதும் கண்ணுக்குத் தெரியாத தூசி பறக்கும். அதை ஆண்டுக்கணக்கில் சுவாசித்தால் வருவது சிலிக்கோசிஸ். இந்தியாவில் இந்த நோய் முதன்முதலாகப் பதிவானதே கோலார் தங்கச் சுரங்கத்தில்தான். 1947-ல் வெளியான அந்த ஆய்வில் 7,600-க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் பரிசோதிக்கப்பட்டார்கள். அவர்களில் 40 சதவீதத்துக்கும் அதிகமானவர்களுக்கு சிலிக்கோசிஸ் இருந்தது.

சுரங்கம் மூடியாச்சு, இனி என்ன என்று விட்டுவிட முடியாது. தூசியிலிருந்து விலகி பல ஆண்டுகள் கழித்தும் சிலிக்கோசிஸ் வெளிப்படலாம், வளரலாம். 2001-ல் 30 வயதில் கடைசி ஷிஃப்ட் முடித்து மேலே வந்த ஒருவர் இன்று ஐம்பதுகளின் நடுவில் இருக்கிறார். அவருக்கு வரும் இருமலை எப்படிப் புரிந்துகொள்கிறோம் என்பது அவருடைய மீதி ஆயுளைப் பாதிக்கும் விஷயம்.

ஆடாதோடைக்குள் என்ன இருக்கிறது?

'ஆடு தொடாத' இலை என்பதால்தான் இந்தப் பெயர் என்று சொல்வது வழக்கம். கன்னடத்தில் ஆடுசோகே. தாவரவியல் பெயரான ஜஸ்டிசியா அதடோடாவிலும் நம்ம ஊர்ப் பெயரே ஒட்டிக்கொண்டிருக்கிறது. எது கிடைத்தாலும் மேயும் ஆடே ஒதுக்குகிறது என்றால், இலையில் கசப்பான ஏதோ இருக்கிறது என்று அர்த்தம்.

அந்த 'ஏதோ'வை 1888-ல் பிரித்துக் காட்டியவர் டேவிட் ஹூப்பர். ஊட்டியில் சின்கோனா மரப்பட்டையிலிருந்து குயினைன் எடுக்கும் வேலைக்கான அரசு வேதியியலாளராக இருந்தவர். அந்தப் பொருளின் பெயர் வாசிசின். 11 கார்பன், 12 ஹைட்ரஜன், 2 நைட்ரஜன், 1 ஆக்சிஜன் அணுக்கள் சேர்ந்த ஆல்கலாய்டு அது.

ஆல்கலாய்டுகள் என்பவை நைட்ரஜன் உள்ள, பெரும்பாலும் காரத்தன்மை கொண்ட தாவரப் பொருட்கள். காபியில் இருக்கும் கஃபீன், புகையிலையில் இருக்கும் நிகோடின், ஹூப்பர் வேலை பார்த்த குயினைன் எல்லாம் இந்தக் குடும்பம்தான். செடி இவற்றைத் தயாரிப்பது நமக்காக இல்லை. பூச்சியும் விலங்கும் தன்னைத் தின்னாமல் இருப்பதற்காக. அதனால் இவை உடம்பில் சின்ன அளவிலேயே வேலை செய்யும். அளவு கூடினால் தொல்லையும் கொடுக்கும்.

வாசிசின் காற்றில் ஆக்சிஜனோடு சேர்ந்து மெல்ல வாசிசினோன் என்ற இன்னொரு பொருளாக மாறும். இந்த வாசிசினோன் மூச்சுக்குழாயைத் தளர்த்துகிறது என்று 1959-ல் இந்திய ஆய்வாளர்கள் நேச்சர் இதழில் எழுதினார்கள். அதாவது பறித்த அன்று இருக்கும் இலையும், ஆறு மாதம் டப்பாவில் இருந்த பொடியும் வேதியியல்படி ஒன்றல்ல.

'சாறு' என்றால் எந்தச் சாறு?

ஃபார்வர்டுகளில் அதிகம் விடுபடும் இடம் இதுதான். 'ஆடாதோடைச் சாறு' என்று ஒரே ஒரு பொருள் கிடையாது. இலையில் நூற்றுக்கணக்கான வேதிப்பொருட்கள் இருக்கின்றன. எந்தத் திரவத்தில் ஊறவைக்கிறீர்களோ, அதில் கரையக்கூடியவை மட்டும்தான் வெளியே வரும்.

- தண்ணீரில் கொதிக்கவைத்தால்: சர்க்கரைகள், டானின்கள், உப்புகள், ஆல்கலாய்டில் ஒரு பகுதி வரும். நம் வீட்டுக் கஷாயம் இதுதான்.
- ஆல்கஹாலில் ஊறவைத்தால்: ஆல்கலாய்டுகளும் ஃப்ளேவனாய்டுகளும் நன்றாக வரும். ஆய்வகங்களில் பெரும்பாலும் எத்தனால் அல்லது மெத்தனால் பயன்படுத்துவார்கள்.
- ஹெக்சேன் போன்ற எண்ணெய்த்தன்மை உள்ள திரவத்தில்: மெழுகும் கொழுப்பும் வரும். வாசிசின் அவ்வளவாக வராது.

ஆல்கலாய்டைத் தனியாகப் பிரிக்க ஒரு பழைய வழி உண்டு. அமிலம் சேர்த்தால் அது உப்பாக மாறித் தண்ணீரில் கரையும். பிறகு காரம் சேர்த்தால் தண்ணீரை விட்டு குளோரோஃபார்ம் போன்ற கரைப்பானுக்குப் போய்விடும். இந்த இரண்டு படிகளில் பச்சையமும் பிசினும் பின்தங்கிவிடும், ஆல்கலாய்டு மட்டும் கைக்கு வரும்.

எடுக்கும் முறை ஒரு மருந்தின் தலையெழுத்தையே மாற்றும் என்பதற்கு பெரிய உதாரணம் ஆர்டெமிசினின். மலேரியாவுக்கு சீன மூலிகை ஒன்றிலிருந்து எடுத்த சாறு ஒருமுறை வேலை செய்யும், இன்னொருமுறை செய்யாது. கொதிக்கவைக்கும் சூடுதான் மருந்துப் பொருளைக் கெடுக்கிறது என்று யூகித்த டு யூயூ, 1971-ல் குறைந்த கொதிநிலை உள்ள ஈதரில் சாறு எடுத்துப் பார்த்தார். அது வேலை செய்தது. 2015-ல் நோபல் பரிசு வந்தது. செடி அதேதான், மாறியது கரைப்பானும் வெப்பமும்.

அதனால், மெத்தனால் சாற்றை வைத்துச் செய்த ஆய்வைக் காட்டி வீட்டுக் கஷாயத்துக்குச் சான்றிதழ் கொடுத்தால் கணக்கு இடிக்கிறது.

இருமல் சிரப்புக்கும் இதற்கும் என்ன உறவு?

நேரடி உறவு. வாசிசினின் அமைப்பை அடிப்படையாக வைத்து ஜெர்மனியில் உருவாக்கிய மருந்து புரோம்ஹெக்சின். 1960-களில் விற்பனைக்கு வந்தது. உடம்புக்குள் புரோம்ஹெக்சின் மாறி உருவாகும் பொருள் ஆம்ப்ராக்சால். பின்னர் அதுவும் தனி மருந்தாக வந்தது. உங்கள் வீட்டு இருமல் சிரப் பாட்டிலின் பின்பக்கம் பாருங்கள், இந்த இரண்டில் ஒன்று இருக்க வாய்ப்பு அதிகம்.

இவை கெட்டியான சளியை நீர்க்கச் செய்து வெளியே கொண்டுவர உதவுகின்றன. சுத்தமான ஒரே மூலக்கூறு, மில்லிகிராம் கணக்கில் அளவு, ஒவ்வொரு பாட்டிலிலும் ஒரே செறிவு. இதுதான் கஷாயத்துக்கும் சிரப்புக்கும் உள்ள வித்தியாசம். சிரப் என்பதால் ஆபத்தே இல்லை என்று நினைக்க வேண்டாம். இந்த மருந்துகளால் அரிதாகக் கடுமையான ஒவ்வாமையும் தோல் பாதிப்பும் வரலாம் என்று ஐரோப்பிய மருந்து முகமை 2015-ல் எச்சரித்தது. ஒரே மருந்தைக் கோடிக்கணக்கானவர்கள் சாப்பிட்டு, பக்கவிளைவுகள் முறையாகப் பதிவானதால்தான் அது தெரிய வந்தது.

அப்போ சிலிக்கோசிஸுக்கு?

நுரையீரலில் தூசி ஒட்டடை மாதிரி படிந்திருக்கிறது, மருந்து அதைக் கழுவிவிடும் என்பதுதான் ஃபார்வர்டு காட்டும் படம். நடப்பது வேறு.

சில மைக்ரான் அளவே உள்ள சிலிக்கா துகள்கள் நுரையீரலின் கடைசிக் காற்றுப் பைகள் வரை போகின்றன. அங்கே காவல் இருக்கும் மேக்ரோஃபேஜ் செல்கள் அவற்றை விழுங்குகின்றன. ஆனால் சிலிக்காவைச் செரிக்க முடியாமல் அந்தச் செல்களே செத்துப்போகின்றன. துகள் மறுபடி வெளியே வருகிறது, அடுத்த செல் விழுங்குகிறது. இந்தச் சுழற்சியில் அழற்சி தொடர்ந்து, அந்த இடத்தில் தழும்புத் திசு வளர்கிறது. நுரையீரல் விரியும் தன்மையை இழக்கிறது.

சளியை இளக்கும் மருந்து வேலை செய்யும் இடம் மூச்சுக்குழாய். தழும்பு இருப்பது திசுவுக்குள். கஷாயம் குடித்தபின் சளி சுலபமாக வந்து நெஞ்சு லேசானது போலத் தோன்றலாம். அது நிஜமான ஆறுதல்தான். ஆனால் நோய் அங்கேயே இருக்கும்.

இதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. சிலிக்கோசிஸ் உள்ளவர்களுக்குக் காசநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். எக்ஸ்ரேயில் இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கக்கூடும். '48 நாள் கஷாயம் குடிச்சுப் பார்ப்போம்' என்று காத்திருந்தால், அந்த நாட்களில் காசநோய் வளரும், வீட்டில் மற்றவர்களுக்கும் பரவும்.

'ஆய்வில் நிரூபணம்' என்றால் எந்த ஆய்வில்?

புரோம்ஹெக்சினும் ஆம்ப்ராக்சாலும் காசநோய்க் கிருமியின் வளர்ச்சியைத் தடுப்பதாக 1996-ல் ஓர் ஆய்வுக் கட்டுரை வந்தது. உண்மைதான். ஆனால் அது ஆய்வகத்தில் வளர்த்த கிருமியின் மேல் நடந்த சோதனை. அதை 'ஆடாதோடை காசநோயைக் குணமாக்கும்' என்று மாற்றுவது பெரிய தாவல்.

ஒரு சின்ன கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஒரு மூலிகைச் சாறு, மில்லிலிட்டருக்கு 500 மைக்ரோகிராம் செறிவில் கிருமியைத் தடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நம் உடம்பில் ரத்தம் சுமார் 5 லிட்டர், அதாவது 5,000 மில்லிலிட்டர். ரத்தத்தில் மட்டும் அந்தச் செறிவு வர 2.5 கிராம் சாறு கரைந்து நிற்க வேண்டும். குடலில் உறிஞ்சப்படாமல் போவது, கல்லீரல் சிதைப்பது, சிறுநீரில் வெளியேறுவது, திசுக்களுக்குப் பரவுவது எதையும் இதில் சேர்க்கவில்லை. காசநோய் மருந்தான ஐசோனியசிட், அதற்கு வசப்படும் கிருமியைத் தடுக்க மில்லிலிட்டருக்கு ஒரு மைக்ரோகிராம்கூடத் தேவையில்லை.

தட்டில் ஜெயித்து உடம்பில் தடுமாறியதற்கு நம் சமையலறையிலேயே உதாரணம் இருக்கிறது. மஞ்சளின் குர்குமின் பற்றி 2017-ல் மருந்து வேதியியலாளர்கள் ஒரு விரிவான மதிப்பாய்வு எழுதினார்கள். குர்குமின் உடம்பில் சரியாக உறிஞ்சப்படுவதில்லை, சீக்கிரம் சிதைகிறது, பல ஆய்வகச் சோதனைகளில் பொய்யான 'வெற்றி' காட்டும் குணமும் அதற்கு உண்டு என்பது அவர்கள் முடிவு.

மனிதர்களிடம் செய்த ஒரு சோதனை கூட கடைசி வார்த்தை ஆகாது. 1988-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.பி. தியாகராஜன் குழு கீழாநெல்லியைப் பற்றி லான்செட் இதழில் எழுதியது. ஹெபடைடிஸ் பி கிருமியைச் சுமந்தவர்களுக்கு 30 நாள் மருந்து கொடுத்தார்கள். கீழாநெல்லி எடுத்த 37 பேரில் 22 பேரின் ரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்தது. வெற்று மருந்து எடுத்த 23 பேரில் ஒருவருக்கு மட்டும். உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் பிறகு வேறு நாடுகளில் செய்த சோதனைகளில் இதே விளைவு கிடைக்கவில்லை. எல்லாவற்றையும் தொகுத்த காக்ரேன் மதிப்பாய்வு 2011-ல், நம்பத்தகுந்த பலன் தெரியவில்லை என்றது.

சரி, 'எங்க வீட்ல கீழாநெல்லி குடிச்சு காமாலை போச்சே' என்கிறீர்களா? ஹெபடைடிஸ் ஏ போன்ற காமாலை பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தானாகவே சரியாகும். சாதாரண வைரஸ் இருமலும் இரண்டு மூன்று வாரங்களில் அடங்கும். தானாகப் போகும் நோய்க்கு எதைக் கொடுத்தாலும் பெயர் அதற்குத்தான் போகும். வெற்று மருந்துக் குழுவை வைத்து ஒப்பிடுவது இதற்காகத்தான்.

செடி எந்த மண்ணில் வளர்ந்தது?

கே.ஜி.எஃப்-ல் இந்தக் கேள்வியைக் கட்டாயம் கேட்க வேண்டும். தாதுவை அரைத்து, சயனைடு கரைசலால் தங்கத்தைப் பிரித்தபின் மிஞ்சிய கழிவு, ஊரைச் சுற்றி 13 மேடுகளாக நிற்கிறது. மொத்தம் சுமார் 3.3 கோடி டன். 'சயனைட் மேடு' என்ற பெயரைக் கேட்டதும் எல்லோரும் சயனைடுக்குத்தான் பயப்படுவார்கள். ஆனால் சயனைடு வெயிலிலும் காற்றிலும் காலப்போக்கில் சிதையக்கூடியது. உலோகங்கள் சிதையாது. தங்கத் தாதுவோடு ஆர்சனிக் உள்ள கனிமங்கள் சேர்ந்து வருவது உலகம் முழுவதும் தெரிந்த விஷயம். கே.ஜி.எஃப்-ன் சில பாறை அடுக்குகளிலும் ஆர்சனோபைரைட் உண்டு.

செடியின் வேர் நல்லது கெட்டது பார்ப்பதில்லை. தண்ணீரில் கரைந்த ஆர்சனிக், ஈயம், காட்மியம் ஆகியவற்றையும் உறிஞ்சும். காற்றில் பறக்கும் மேட்டுத் தூசி இலையின் மேலும் படியும். கழுவினால் மேலே இருக்கும் தூசி போகும், உள்ளே ஏறியது போகாது. கொதிக்கவைத்தாலும் உலோகம் அழியாது. கஷாயத்தைச் சுண்டவைக்கும்போது மருந்துப் பொருளோடு சேர்ந்து அதுவும் செறிவாகும்.

ஆயுர்வேத, சித்த மருந்துப் பொருட்களுக்கு இந்தியாவில் வரம்பு இருக்கிறது. பத்து லட்சத்தில் ஈயம் 10 பங்கு, ஆர்சனிக் 3, பாதரசம் 1, காட்மியம் 0.3 பங்கைத் தாண்டக் கூடாது. உரிமம் பெற்ற தயாரிப்புக்குத்தான் இந்தச் சோதனை. மேட்டோரத்தில் பறித்த இலையை யாரும் சோதிப்பதில்லை. ஆகவே கழிவு மேட்டிலோ, அதன் ஓடை ஓரத்திலோ வளர்ந்த எந்த மூலிகையையும் பறிக்காதீர்கள்.

சரியான செடிதானா என்பதும் கேள்விதான். 2021-ல் மும்பை மருத்துவர்கள், சீந்தில் சாப்பிட்ட சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு வந்ததாகப் பதிவு செய்தார்கள். சீந்தில் பாதுகாப்பானது, அதைப் போலவே இருக்கும் வேறு கொடி இனங்கள் கெடுதல் செய்யலாம் என்று ஆயுஷ் அமைச்சகம் பதில் சொன்னது. யார் சொல்வது சரியாக இருந்தாலும், செடியை அடையாளம் காணாமல் குடிக்கக் கூடாது என்பதில் இரண்டு தரப்புக்கும் கருத்து வேறுபாடு இருக்க முடியாது.

யார் ஆடாதோடையைத் தவிர்க்க வேண்டும்?

முதலில் கர்ப்பிணிகள். வாசிசின் கருப்பையைச் சுருங்கச் செய்யும் தன்மை உள்ளது என்பது இந்திய ஆய்வகங்களிலேயே தெரிய வந்த விஷயம். 'மூலிகைதானே, ஒண்ணும் ஆகாது' என்று இருமலுக்குக் கொடுத்துவிடாதீர்கள். குழந்தைகளுக்கும், ஏற்கனவே பல மருந்து சாப்பிடும் முதியவர்களுக்கும் மருத்துவரைக் கேட்காமல் தர வேண்டாம்.

அடுத்த ஃபார்வர்டு வந்தால் கேட்க வேண்டிய 5 கேள்விகள்

1. எந்தச் செடி, எந்தப் பாகம்? இலையா, வேரா?
2. எதில் எடுத்த சாறு? தண்ணீரா, ஆல்கஹாலா?
3. எதில் சோதித்தார்கள்? ஆய்வகத் தட்டா, எலியா, மனிதர்களா?
4. எத்தனை பேர்? ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழு இருந்ததா?
5. அந்த முடிவு வேறு இடத்தில் மறுபடியும் கிடைத்ததா?

ஐந்துக்கும் பதில் இல்லையென்றால் 'நிரூபணம்' என்ற சொல்லை நம்ப வேண்டாம்.

வீட்டில் இருமும் பெரியவருக்கு இப்போது என்ன செய்வது?

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் காசநோய்ப் பரிசோதனை அவசியம். அரசு மருத்துவமனைகளில் சளிப் பரிசோதனை இலவசம். டாக்டரிடம் முதல் வரியாக, "இவர் தங்கச் சுரங்கத்தில் இத்தனை வருஷம், பூமிக்கு அடியில் இந்த வேலை பார்த்தவர்" என்று சொல்லுங்கள். அதைச் சொல்லாததால் சிலிக்கோசிஸ் வெறும் காசநோயாகவோ ஆஸ்துமாவாகவோ எழுதப்பட வாய்ப்பு உண்டு. பழைய வேலை அட்டை, எக்ஸ்ரே இருந்தால் கையோடு கொண்டு போங்கள். மார்பு எக்ஸ்ரேயும் ஸ்பைரோமெட்ரி என்ற மூச்சுத்திறன் சோதனையும் எடுக்கச் சொல்வார்கள். பீடி, சிகரெட் இருந்தால் நிறுத்துவதும், தூசியிலிருந்து விலகி இருப்பதும், ஃப்ளூ, நிமோனியா தடுப்பூசி பற்றிக் கேட்பதும் நுரையீரலில் மீதி இருக்கும் திறனைக் காப்பாற்றும்.

இதற்கெல்லாம் நடுவில், நல்ல இடத்தில் வாங்கிய ஆடாதோடையில் ஒரு கஷாயம் குடித்தால் தொண்டைக்கு இதமாக இருக்கிறது என்று அப்பா சொன்னால்? டாக்டரிடம் சொல்லிவிட்டுக் குடிக்கட்டும். ஆனால் சளிப் பரிசோதனைக்குப் போகும் நாளை அந்தக் கஷாயத்துக்காகத் தள்ளிப்போடாதீர்கள்.